நெல்லை மாநகராட்சியின் பருவநிலைப் பணிகள்: எதை முதலில் கேட்பது?

வார்டு மக்கள் கூடிப் பேசும் பகுதி சபைக் கூட்டங்களில் பருவநிலை மாற்றம் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் நான்கு கோரிக்கைகள் முன்வைக்கப்படுகின்றன. குளத்தையும் கால்வாயையும் மீட்க வேண்டும் என்கிறார் ஒருவர். குப்பையை வார்டுக்குள்ளேயே உரமாக்க வேண்டும் என்கிறார் மற்றொருவர். மாநகராட்சிக் கட்டடங்களின் மாடியில் சூரியத் தகடு பதிக்க வேண்டும் என்பார் ஒருவர். சாலையோரம் மரம் நட வேண்டும் என்பார் இன்னொருவர். நான்குமே நல்ல காரியங்கள். ஆனால் மாநகராட்சியின் நிதியும் பொறியாளர்களும் ஒரே ஆண்டில் நான்குக்கும் போதமாட்டார்கள். எல்லாவற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துக் கொடுத்தால் எதுவும் முழுமையடையாது. எனவே, தங்கள் மாமன்ற உறுப்பினரிடம் எதை முதலில் வற்புறுத்துவது என்று கேட்கும் வாசகர்களுக்காக இந்த ஒப்பீடு எழுதப்படுகிறது.

கேள்வி அவசரமானது. 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் தென் மாவட்டங்களில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. பதிவானது. நெல்லையில் சிந்துபூந்துறை, மீனாட்சிபுரம், வண்ணார்பேட்டை, கைலாசபுரம் பகுதிகளுக்குள் தாமிரபரணி புகுந்தது. கொக்கிரகுளத்தில் உள்ள மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகமும் தப்பவில்லை. 1992 நவம்பர் வெள்ளத்தை நினைவில் வைத்திருக்கும் பெரியவர்களுக்கு ஆறு ஊருக்குள் வருவது புதிதன்று. ஆனால் காற்றின் வெப்பம் ஒரு டிகிரி கூடினால் அது ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கக்கூடும் என்பதால், இத்தகைய பெருமழைகள் இன்னும் வலுப்பெறும் என்பதை மனத்தில் கொண்டே நகரத்தின் பணிகளைத் திட்டமிட வேண்டியிருக்கிறது.

## எந்த அளவுகோல்களால் எடை போடுவது

முதல் அளவுகோல் அதிகாரம். ஒரு வேலையைச் செய்யும் உரிமை மாநகராட்சிக்கு உண்டா, வேறு துறையின் ஒப்புதல் வேண்டுமா என்பது தெரியாமல் தீர்மானம் போட்டால், கோப்பு இரண்டு அலுவலகங்களுக்கிடையே நின்றுவிடும். இரண்டாவது அளவுகோல் பராமரிப்புச் செலவு. கட்டுமானத்துக்கு மானியம் கிடைக்கும். கட்டியதை அடுத்த பத்தாண்டுகள் நடத்துவதற்கான பணம் பெரும்பாலும் வீட்டுவரி வருவாயிலிருந்துதான் வந்தாக வேண்டும். மூன்றாவது, பயன் யாருக்கு, எப்போது போய்ச் சேருகிறது என்பது.

நான்காவதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரு பணி கரிம உமிழ்வைக் குறைக்கிறதா, பருவநிலை மாற்றத்தின் பாதிப்பிலிருந்து மக்களைக் காக்கிறதா என்ற வேறுபாடு அது. நெல்லையில் குறையும் உமிழ்வின் பயன் உலகம் முழுவதற்கும் பொதுவானது. நெல்லைக்கென்று தனியாக எதுவும் கிடைக்காது. சிந்துபூந்துறையில் ஒரு வடிகால் சரியானால் அதன் பயன் அந்தத் தெருவிலேயே தங்கும். இரண்டும் வேண்டும். 2011 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 4.74 லட்சம் மக்கள் வாழும் நகரம், வரம்புக்குட்பட்ட தன் வருவாயைச் செலவிடும்போது, பாதுகாப்புக்கு முதலிடம் தருவதே நியாயம் என்பது என் கருத்து. இதை ஏற்காதவர்களுக்கு வரிசை மாறலாம். அதற்காகவே ஒவ்வொரு வழியின் இரு பக்கங்களையும் தனித்தனியே சொல்கிறேன்.

## குளங்களும் கால்வாய்களும்

நெல்லையின் நில அமைப்பே கால்வாய்களால் வரையப்பட்டது. அரியநாயகிபுரம் அணைக்கட்டிலிருந்து கோடகன் கால்வாயும், பழவூர் அணைக்கட்டிலிருந்து பாளையங்கால்வாயும், சுத்தமல்லி அணைக்கட்டிலிருந்து திருநெல்வேலிக் கால்வாயும் பிரிந்து வந்து, நயினார்குளம் போன்ற குளங்களை நிரப்பிக் கார், பிசானம் ஆகிய இரு போக நெல்லுக்கும் தண்ணீர் கொடுத்தன. வயல்கள் மனைகளான இடங்களிலும் தண்ணீருக்குத் தன் பழைய வழி மறக்கவில்லை. வேய்ந்தான்குளத்தைச் சுற்றிப் புதிய பேருந்து நிலையமும் குடியிருப்புகளும் வளர்ந்த பகுதியில் மழைக்காலத்தில் நடந்து பார்ப்பவர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

இந்த வழியைத் தேர்ந்தெடுப்பவர்கள் முதலில் இரு வகை வெள்ளத்தைப் பிரித்தறிய வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையில் பெய்து, பாபநாசம், மணிமுத்தாறு அணைகளின் உபரிநீரோடு சேர்ந்து வருவது ஆற்று வெள்ளம். நகரத்தின் மேலேயே பெய்து, ஓட வழியின்றித் தேங்குவது தெரு வெள்ளம். 2023இல் இரண்டும் ஒன்றாக வந்தன. ஆற்று வெள்ளத்தை நகரக் குளங்கள் எவ்வளவு ஆழப்படுத்தினாலும் தாங்கமாட்டா. அதற்கு முன்னெச்சரிக்கை, கரையோரத்தில் புதிய கட்டட அனுமதி மறுப்பு, மக்களை முன்கூட்டியே இடம் மாற்றும் ஏற்பாடு ஆகியவையே உதவும். அவற்றுக்குச் செலவும் குறைவு. அணையிலிருந்து இத்தனை ஆயிரம் கன அடி திறக்கப்பட்டால் எந்தத் தெருவுக்கு எத்தனை அடி தண்ணீர் வரும் என்பதை 2023இன் வெள்ள அடையாளங்களைக் கொண்டு கணித்து, அந்தந்தத் தெருமுனையிலேயே எழுதி வைப்பதற்குப் பெரிய டெண்டர் எதுவும் தேவையில்லை.

தெரு வெள்ளத்துக்குக் குளம் நேரடியான மருந்து. ஒரு ஹெக்டேர் குளத்தை ஒரு மீட்டர் ஆழப்படுத்தினால் கூடுதலாக ஒரு கோடி லிட்டர் தண்ணீர் நிற்கும்; பத்து ஹெக்டேர் பரப்பில் 10 செ.மீ. மழை பெய்து முழுவதும் ஓடிவந்தால் சேரும் அளவு அதுவே. அத்தோடு கோடையில் சுற்றுவட்டாரத்து ஆழ்துளைக் கிணறுகளுக்கு ஊற்றும் கிடைக்கும்.

மறைந்திருக்கும் செலவுகள் இனித்தான் வருகின்றன. மேற்சொன்ன ஒரு ஹெக்டேர் கணக்கில் அள்ள வேண்டிய மண் மட்டும் ஏறத்தாழ 3,500 யூனிட் (ஒரு யூனிட் என்பது 100 கன அடி). வட்டாட்சியர் அனுமதியோடு வண்டல் மண்ணை விவசாயத்துக்கும் மண்பாண்டத் தொழிலுக்கும் இலவசமாக எடுத்துக்கொள்ள அரசு வழி செய்திருக்கிறது. ஆனால் சாக்கடை கலந்த குளத்தின் மண்ணைச் சோதிக்காமல் வயலில் கொட்டலாகாது. இங்கேதான் அடுத்த செலவும் ஒளிந்திருக்கிறது. கழிவுநீரைத் தடுக்காமல் தூர்வாரப்பட்ட குளம் சில ஆண்டுகளிலேயே ஆகாயத்தாமரை மூடிப் பழையபடி ஆகிவிடும். பாளையங்கால்வாய் நகருக்குள் நுழையும் பகுதிகளில் ஒரு பாலத்தின்மேல் நின்று பார்த்தால் போதும்: இருபுறமும் வீட்டுச் சுவரைத் துளைத்து நீட்டிய பிளாஸ்டிக் குழாய்கள் கால்வாய்க்குள் கறுத்த நீரைச் சொட்டிக்கொண்டிருக்கும், பாலத்தின் தூணில் பழைய தலையணையும் மாலைநாரும் பால் பாக்கெட்டுகளும் சிக்கி, தண்ணீர் பாதி அகலத்தில்தான் ஓடும். ஆற்றில் கழிவுநீர் கலப்பது பற்றிய வழக்கில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் நீதிபதிகள் 2024 நவம்பரில் நெல்லைக்கு வந்து ஆற்றை நேரில் பார்வையிட்டனர். பாதாளச் சாக்கடை இணைப்பைச் சேர்க்காத எந்தக் குள மதிப்பீடும் பாதி மதிப்பீடே.

அதிகாரமும் சிக்கலானது. கால்வாய்களும் பாசனக் குளங்களும் பெரும்பாலும் நீர்வளத் துறையிடம் இருக்கின்றன. அவற்றில் வந்து விழும் மழைநீர் வடிகால்கள் மாநகராட்சியிடம் இருக்கின்றன. ஆயக்கட்டு விவசாயிகளுக்கும் உரிமை உண்டு. வடகிழக்குப் பருவமழைக்கு முன் குளம் தளும்ப நின்றால் அடுத்த மழையை அது வாங்காது, உடனே மறுகால் பாயும். மழைக்கு முன் மடையைத் திறந்து கொஞ்சம் இடம் விட வேண்டுமென்றால் விவசாயிகளோடு பேசி முடிவெடுக்க வேண்டும். கரையைச் சுற்றி நடைபாதையும் இருக்கைகளும் போட்டு அழகுபடுத்தும் திட்டங்களைப் பற்றி எனக்குக் கடுமையான கருத்து உண்டு: நீர்ப்பரப்பை ஓர் அடியேனும் சுருக்கும் நடைபாதையை ஏற்கவே கூடாது. அதற்குக் கிடைக்கும் பாராட்டு கோடையோடு போய்விடும், தண்ணீர் மழைக்காலத்தில் வரும்.

## குப்பை

உமிழ்வைக் குறைப்பதையே முதன்மையாகக் கருதுபவர்களுக்கு, மாநகராட்சியின் கையில் முழுமையாக உள்ள வழி இதுதான். ஈரக் கழிவு காற்றுப் புகாத குவியலுக்குள் அழுகும்போது மீத்தேன் உண்டாகிறது. அது நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப் போல ஏறத்தாழ 28 மடங்கும், இருபதாண்டுக் கணக்கில் 80 மடங்கும் வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது. ராமையன்பட்டிக் குப்பைக்கிடங்கில் கோடைக்காலத்தில் தீப்பிடித்துப் புகை மூட்டம் ஊரைச் சூழ்வதை நெல்லையில் அறியாதவர் இல்லை. அந்தத் தீக்கும் குவியலுக்குள் தேங்கும் இந்த வாயு துணை நிற்கிறது. ஈரக் கழிவு கிடங்குக்கே போகாமல் நின்றால் உமிழ்வும், லாரி டீசலும், புகையும் ஒன்றாகக் குறையும்.

குப்பையை வீட்டிலேயே பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே சொல்லிவிட்டன. தெருவில் நடப்பது வேறாக இருப்பதற்கு வீட்டுக்காரர்கள் மட்டும் காரணமில்லை. காலையில் பேட்டரி வண்டியோடு வரும் தூய்மைப் பணியாளர், கட்டிய ஒரே பையை அவிழ்த்து, சோற்றையும் சாம்பார் வடிந்த காகிதத்தையும் நாப்கினையும் கையால் பிரிக்க வேண்டியிருக்கிறது. பின்னால் அடுத்த தெரு காத்திருக்கிறது. பிரித்துக் கொடுத்த வீட்டினரும், வண்டியில் எல்லாம் ஒன்றாகக் கொட்டப்படுவதை ஒருமுறை பார்த்துவிட்டால் மறுநாள் பிரிக்கமாட்டார்கள். ஆகவே வண்டியில் தனித்தனித் தொட்டி, போதிய ஆள், வார்டு அளவில் இயங்கும் உரக்கூடம் ஆகிய மூன்றும் ஒரே நாளில் தொடங்க வேண்டும்.

கொட்டகையும் தொட்டிகளும் அதிக விலை பிடிப்பவை அல்ல. பெரிய செலவு கூலி. அந்தக் கூலியைக் குறைத்துத் திட்டத்தை மலிவாகக் காட்டும் மதிப்பீட்டை நம்பவேண்டாம். உரக்கூடத்துக்கு இடம் தேடும்போது எழும் எதிர்ப்பும் உண்மையான தடை. நாற்றம் வருமென்ற மக்களின் அச்சம் நியாயமானது. சரியாகக் காற்றோட்டம் கொடுத்துக் கிளறாத உரக்கூடம் நாறத்தான் செய்யும். எனவே முதல் உரக்கூடங்களை நயினார்குளம் மொத்த காய்கறி மார்க்கெட், பாளையங்கோட்டை மார்க்கெட் போன்ற இடங்களின் கழிவுக்கென்றே அமைப்பது நல்லது. அங்கே கழிவு ஏற்கெனவே ஏறத்தாழக் கலப்பில்லாத ஈரக் கழிவு, அளவும் அதிகம், பக்கத்து வீட்டுச் சமையலறைக்கு நேர் எதிரே அமையவேண்டிய கட்டாயமும் இல்லை. தச்சநல்லூர், பாளையங்கோட்டை, திருநெல்வேலி, மேலப்பாளையம் என நான்கு மண்டலங்களிலும் ஒன்றாவது நன்றாக நடந்து காட்டினால், வார்டுகளில் எதிர்ப்பு தானே தணியும்.

கிடங்கில் ஏற்கெனவே குவிந்துள்ள பழைய குப்பையை அகழ்ந்து பிரிப்பதும் தேவையான வேலையே. ஆனால் அன்றாடக் குப்பை கலந்து வந்து விழுந்துகொண்டே இருக்கும்வரை அது முடியாத வேலை. இரண்டுக்கும் பணம் போதவில்லையெனில் புதிய குப்பையை நிறுத்துவதையே முன்னால் வைக்க வேண்டும்.

## மாடிகளில் சூரிய மின்சாரம்

சூரியத் தகடுகள் விரைவில் கண்ணுக்குத் தெரியும் திட்டம் என்பதால் மாமன்றங்களுக்குப் பிடித்தமானவை. ஒரு கிலோவாட்டுக்கு ஏறத்தாழ 100 சதுர அடி நிழலற்ற மாடி வேண்டும். நம் பகுதி வெயிலில் அது ஆண்டுக்கு ஏறத்தாழ 1,400 யூனிட் தரும். நூறு கிலோவாட் அமைத்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 1.4 லட்சம் யூனிட், அதன் வழியே ஏறத்தாழ 100 டன் கரியமில வாயு மிச்சம். நல்ல பலன்தான். தகடுகளுக்காக எங்கும் அலைய வேண்டியதில்லை. 2025 பிப்ரவரியில் திறக்கப்பட்ட டாடா பவர் குழுமத்தின் பெரிய சூரியத் தகடுத் தொழிற்சாலை கங்கைகொண்டானிலேயே இருக்கிறது.

ஆனாலும் மானியப் பணத்தை இதில் போடுவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். சூரிய மின்சாரம் தன் முதலீட்டைத் தானே சில ஆண்டுகளில் திரும்ப எடுக்கக்கூடியது. எனவே முதலீடு செய்யத் தனியார் நிறுவனங்கள் முன்வரும். மாடியை மட்டும் மாநகராட்சி கொடுத்து, நிறுவனமே தகடு பதித்துப் பராமரித்து, மின் வாரிய விலையைவிடக் குறைந்த விலையில் யூனிட் கணக்கில் விற்கும் முறை நடைமுறையில் உள்ளது. கால்வாய்க்கும் குப்பைக்கும் அப்படி முதலிட யாரும் வரமாட்டார்கள். வீடுகளுக்கோ பிரதமர் சூரிய வீடு திட்டத்தின்கீழ் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மத்திய அரசு மானியம் தனியாக உண்டு.

ஒப்பந்தம் போடுவோர் பார்க்கவேண்டியவை சில. இன்வர்ட்டரைப் பத்து ஆண்டுகளை ஒட்டி மாற்ற வேண்டியிருக்கும். ஆடி மாதக் காற்று கொண்டுவரும் புழுதியைக் கழுவாவிட்டால் உற்பத்தி குறையும். அந்த இணைப்புக்கு மின் வாரியத்தின் எந்த மீட்டர் முறையும் கட்டணமும் பொருந்தும் என்பதை முன்கூட்டி எழுத்தில் பெறவேண்டும். இவற்றுக்கும் முன்னால் செய்யவேண்டிய ஒன்று உண்டு. உள்ளாட்சிகளின் மின்கட்டணத்தில் பெரும்பங்கு குடிநீர் மோட்டார்களுக்கும் தெருவிளக்குகளுக்கும் போகிறது. ஆற்றிலுள்ள உறைகிணறுகளிலிருந்து மேல்நிலைத் தொட்டிகளுக்கு இறைக்கும் பழைய மோட்டார்களைச் சோதித்து, திறன் குன்றியவற்றை மாற்றுவதும் குழாய்க் கசிவை அடைப்பதும் பல இடங்களில் சூரியத் தகட்டைவிட மலிவாக மின்சாரத்தை மிச்சப்படுத்தும். இறைத்த தண்ணீர் வழியில் கசிந்துபோனால் அதை இறைத்த மின்சாரமும் அதோடு போகிறது.

## மரநிழலும் வெள்ளைக் கூரையும்

பாளையங்கோட்டை வானிலை நிலையம் தமிழகத்தின் வெப்பமான நிலையங்களுள் ஒன்றாக அடிக்கடி செய்தியில் வருகிறது. தென்மேற்குப் பருவமழை மலையின் மேற்கே கொட்டி, நகரத்துக்குப் பெரும்பாலும் காற்றை மட்டுமே அனுப்புவதால், அக்கினி நட்சத்திரம் முடிந்த பிறகும் வெயில் எளிதில் தணிவதில்லை. இந்த வெப்பத்தின் சுமை எல்லார்மீதும் ஒரே அளவில் விழுவதில்லை. மேலப்பாளையத்தின் நெருக்கமான தெருக்களில் தகரத்தின் கீழோ, தாழ்ந்த காங்கிரீட் தளத்தின் கீழோ உட்கார்ந்து பீடி சுற்றும் பெண்ணுக்கு மின்விசிறியை வேகமாகச் சுழலவிடவும் வழியில்லை. மடியில் இருக்கும் முறத்துத் தூள் பறந்துவிடும். அவருக்கு உடனே உதவுவது சாலையோர மரமன்று, தலைக்கு மேலுள்ள கூரை.

வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு மலிவானது. ஒரு வாரத்தில் ஒரு தெருவை முடிக்கலாம். கூரையின் உட்புற வெப்பம் சில டிகிரி குறையும். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கொருமுறை மறுபூச்சு தேவைப்படும் என்பதே இதன் மறைந்த செலவு. அங்கன்வாடிகள், மாநகராட்சிப் பள்ளிகள், நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்கள் ஆகியவற்றின் கூரைகளில் தொடங்குவது சரியாக இருக்கும். அதே மாடியில் சூரியத் தகடும் கேட்பவர்கள் உண்டு. தகட்டின் நிழல் படும் தளமும் குளிர்வதால் அங்கே பூச்சுக்குச் செலவிட வேண்டாம்.

மரத்தைப் பொறுத்தவரை, நட்ட கன்றுகளின் எண்ணிக்கையைக் கேட்பதை நிறுத்திவிட்டு மூன்றாம் கோடையில் உயிரோடிருப்பவற்றின் எண்ணிக்கையைக் கேட்க வேண்டும். ஐப்பசி மழையோடு நட்டால் முதல் சில மாதங்கள் வானமே தண்ணீர் ஊற்றும். அதன்பின் இரண்டு கோடைக்காவது தண்ணீர் வண்டிக்கும் கூண்டுக்கும் ஆளுக்கும் பணம் ஒதுக்கவேண்டும். வேம்பு, புங்கை, பூவரசு ஆகியவை இந்த வெயிலுக்குப் பழகியவை. ஆற்றோரத்துக்கு மருதமும் நாவலும் ஏற்றவை. மின்கம்பிக்கு நேர் கீழே நட்டால் ஆண்டுதோறும் கிளையை வெட்டி மொட்டையாக்குவார்கள். சாலை அகலப்படுத்தும் திட்டம் உள்ள சாலையில் நடுவது பணத்தை வீணாக்குவது. நெடுஞ்சாலைத் துறையிடம் கேட்டுவிட்டே இடம் குறிக்க வேண்டும்.

## மின் பேருந்து

இதையும் சிலர் கேட்கிறார்கள். நகரப் பேருந்துகளை அரசுப் போக்குவரத்துக் கழகம் இயக்குவதால் மாமன்றத்தின் தீர்மானம் இங்கே வேண்டுகோளாக மட்டுமே நிற்கும். சந்திப்பு, டவுன், பாளை, புதிய பேருந்து நிலையம் ஆகியவற்றை இணைக்கும் சாலைகளில் நிழலுள்ள நிறுத்தமும் ஆக்கிரமிப்பற்ற நடைபாதையும் மாநகராட்சி செய்யக்கூடியவை. இருக்கும் பேருந்துக்கு ஆள் கூடவும் அவையே உதவும்.

## ஒரே பார்வையில்

| வழி | அதிகாரம் | மறைந்த செலவு | பயன் தெரியும் காலம் |
|---|---|---|---|
| குளம், கால்வாய் | நீர்வளத் துறையோடு பகிர்வு | கழிவுநீர்த் தடுப்பு, மண் அகற்றல் | அடுத்த மழைக்காலம் |
| குப்பை | முழுவதும் மாநகராட்சி | பணியாளர் கூலி | சில மாதங்கள் |
| சூரிய மின்சாரம் | மாநகராட்சி, மின் வாரியம் | இன்வர்ட்டர், கழுவுதல் | உடனே |
| வெள்ளைக் கூரை | மாநகராட்சி | மறுபூச்சு | உடனே |
| மரம் | மாநகராட்சி, நெடுஞ்சாலைத் துறை | இரண்டு கோடைக்குத் தண்ணீர் | ஐந்தாண்டுகளுக்கு மேல் |

## எந்த வார்டுக்கு எது

மாநகர் முழுமைக்கும் ஒரே வரிசை கேட்டால், மானியப் பணத்தின் பெரும்பகுதியைக் கழிவுநீர்த் தடுப்போடு சேர்ந்த வடிகால், கால்வாய்ப் பணிக்கும், அடுத்த பங்கைக் குப்பைக்கும் கொடுப்பேன். சூரிய மின்சாரத்தைத் தனியார் முதலீட்டில் விடுவேன். வெள்ளைக் கூரைக்குச் சிறிய தொகை போதும்.

வார்டுக்கு வார்டு இது மாறும். ஆற்றங்கரை வார்டுகளில் குளத்தைவிட எச்சரிக்கை ஏற்பாடும், ஆறு உயரும்போது வடிகால் வழியே தண்ணீர் பின்னேறாமல் தடுக்கும் கதவுகளுமே முதல் தேவை. பழைய குளங்களை ஒட்டி வளர்ந்த புதிய நகர்களில் குளத்தின் வரத்துக்கால்வாயும் மறுகால் ஓடையும் அடைபடாமல் இருக்கின்றனவா என்று பார்ப்பது முதல் வேலை. குளமும் ஆறும் தொலைவில் உள்ள, வீடுகள் நெருங்கிய வார்டுகளில் கூரைப் பூச்சும் உரக்கூடமும் கேட்பதே பொருத்தம். ராமையன்பட்டியின் புகை எட்டும் பகுதிகளில் இருப்பவர்கள், தங்கள் வார்டின் பணத்தைவிட மார்க்கெட் கழிவைப் பற்றிய மாநகர அளவிலான தீர்மானத்துக்குக் குரல் கொடுப்பதே அவர்களுக்கு உதவும்.

கேட்கும் காலமும் முக்கியம். பிசான அறுவடை முடிந்து, கார் பருவத்துக்காக ஜூனில் தண்ணீர் திறக்கும்வரை உள்ள இடைவெளியில்தான் கால்வாயில் இறங்கி வேலை செய்ய முடியும். மதிப்பீடு, நீர்வளத் துறையின் ஒப்புதல், டெண்டர் ஆகியவை அதற்குள் முடிந்திருக்க வேண்டுமென்றால், கோரிக்கை தை பிறப்பதற்கு முன்பே வார்டு குழுவின் தீர்மானமாகப் பதிவாகியிருக்க வேண்டும். அதில் கால்வாயின் எந்தப் பாலத்திலிருந்து எந்தப் பாலம் வரை, எத்தனை கழிவுநீர்க் குழாய்கள் அடைக்கப்பட வேண்டும், அள்ளும் மண் எங்கே போகும், அடுத்த ஆண்டுப் பராமரிப்புக்கு எவ்வளவு என்ற நான்கு விவரங்களும் இருந்தால், பொறியாளர் அதைத் திருப்பி அனுப்புவது கடினம்.